பியாட்ரிஸ் டீச்சரின் ரத்தக் கொதிப்பு

கோவில் வாசலில் மொத்தம் ஏழு படிகள். பியாட்ரிஸ் டீச்சர் மூன்றாவது படியில் நின்றுவிடுவாள். பிடரியில் ஒரு கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வாயால் மூச்சு வாங்குவாள். பூசைக்கு வருகிறவர்கள் அதைப் பக்தி என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். பக்தியும் இல்லை, ஒன்றும் இல்லை. மண்டைக்குள் உலக்கை போட்டு இடிக்கிற மாதிரி இருக்கும், கால் எழும்பாது, அவ்வளவுதான். பக்கத்தில் அவள் புருஷன் ஆம்ப்ரோஸ் கறுப்புக் கோட்டும் கைத்தடியுமாக, அவளுக்கு மூச்சு அடங்குகிற வரைக்கும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். என்ன செய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அவளும் சொல்ல மாட்டாள். பிறகு இருவரும் சேர்ந்தாற்போல் உள்ளே போவார்கள். "எவ்வளவு பொறுமையாக நின்று கூட்டிக்கொண்டு போகிறார் பார்" என்று சாந்தோம் பெண்கள் தங்கள் புருஷன்மாரை இடித்துக் காட்டுவார்கள்.

அந்தப் பொறுமைசாலியும் அவர் பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசி, 1934ஆம் வருஷத்தோடு பதினோரு வருஷம் ஆகியிருந்தது.

ஆம்ப்ரோஸ் தந்தி ஆபீசில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கியவர். பியாட்ரிஸ் பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு இருபத்தெட்டு வருஷம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்து, போன வருஷம் வீட்டோடு வந்தவள். மூத்தவன் பிரகாசம் ரங்கூனில் ஒரு அரிசி மில்லில் குமாஸ்தா. இளையவள் ஐவி தேனாம்பேட்டையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆக, கோவிலுக்குப் பின்சந்தில் இருந்த அந்த ஓட்டு வீட்டில் மிச்சம் இவர்கள் இரண்டு பேர்தான்.

ஆம்ப்ரோஸ் குடிக்கிறவர் இல்லை. கை நீட்டுகிறவர் இல்லை. பியாட்ரிஸின் அம்மா உயிரோடு இருந்தவரைக்கும் அதைச் சொல்லியே மகளைச் சமாதானப்படுத்தி அனுப்புவாள். ஆனால் மனுஷருக்குப் பிறரைத் திருத்தாமல் ஒரு பொழுது போகாது. சோறு குழைந்துவிட்டது என்பார். மறுநாள் விறைத்துவிட்டது என்பார். கோவிலில் அவள் பாட்டு அரை வீசம் பிந்துகிறது என்பார். விருந்தாளிகள் முன்னால் அவள் ஏதாவது சொல்லத் தொடங்கினால், "அது அப்படி இல்லை" என்று நடுவில் வெட்டி, அதே விஷயத்தை அவரே சொல்லி முடிப்பார். தந்தி ஆபீசில் ஒரு எழுத்துத் தப்பினாலும் மேலதிகாரி சீட்டைக் கிழித்து வீசுவானாம். அந்தக் கோபத்தையெல்லாம் மடித்துக் கோட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். கல்யாணமான நாளிலிருந்து பியாட்ரிஸ் அதற்குத் தலையாட்டினாள். தலையாட்டி ஆட்டியே பிடரி நொந்துபோயிற்றோ என்று பிற்பாடு அவளே நினைத்துக்கொண்டதுண்டு.

அவள் வாயை மூடியது 1923ஆம் வருஷத்து நற்கருணைத் திருநாளில்.

அன்று மத்தியானம் கடலூரிலிருந்து அவளுக்கு ஒரு தந்தி வந்தது. 'அம்மா நிலைமை மோசம், உடனே வா.' வீட்டு விலாசத்தைப் பார்த்த சக குமாஸ்தா, சேவகனிடம் கொடுப்பானேன் என்று அதை ஆம்ப்ரோஸ் கையிலேயே கொடுத்துவிட்டார். ஆம்ப்ரோஸ் அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்தார், குளித்தார், வெள்ளைக் கால்சட்டையும் கோட்டும் போட்டார். சாயங்காலச் சுற்றுப்பிரகார ஊர்வலத்தில், நற்கருணைக்கு மேலே பிடிக்கிற பட்டு விதானத்தின் முன்கால் ஒன்றை அவர் பிடித்தார். இரவு வீட்டில் பத்துப் பேருக்குச் சாப்பாடு. பியாட்ரிஸ் சிரித்த முகமாகப் பரிமாறினாள். தந்தியை மறுநாள் காலை காப்பி குடித்து முடித்த பிறகுதான் எடுத்து மேஜை மேல் வைத்தார். ராத்திரி ரயிலைப் பிடித்திருந்தால் விடியற்காலையில் அம்மா பக்கத்தில் இருந்திருப்பாள். பகல் வண்டியில் போய் இறங்கியபோது பொழுது சாய்ந்துவிட்டது. காலை பத்து மணி வரைக்கும் "பியாட்ரிஸ் வந்துட்டாளா" என்று கேட்டுக்கொண்டிருந்தாளாம் கிழவி. வெயில் காலம், வைத்திருக்க முடியாதென்று நாலு மணிக்கே அடக்கம் முடித்துவிட்டார்கள். ஈரம் காயாத மண்ணைத்தான் அவள் பார்த்தாள்.

திரும்பி வந்தவள் சண்டை போடவில்லை. போட்டிருக்கலாம். வேலையைச் செய்தாள், சோறு போட்டாள், துணி மடித்து வைத்தாள், பேச்சை மட்டும் நிறுத்திவிட்டாள். ஆம்ப்ரோஸும் ஒரு வாரம் பார்த்தார். பிறகு அவரும் வீம்புக்கு நிறுத்திக்கொண்டார்.

ஆனால் இரண்டு பேர் ஒரு வீட்டில் வாயே திறக்காமல் எப்படிக் காலம் தள்ளுவது? ஐவி கல்யாணமாகிப் போகும்வரைக்கும் அவள் மூலமாகப் பேச்சு போய்வந்தது. அவளும் போன பிறகு, கூடத்துச் சுவரில் தொங்கிய அந்தோனியார் படத்தைப் பிடித்தார்கள். காணாமல் போன சாமானைக் கண்டுபிடித்துக் கொடுப்பது அந்தோனியார் வேலை. இந்த வீட்டில் அவரைத் தந்திச் சேவகனாக்கிவிட்டார்கள். "அந்தோனியாரே, காப்பி ஆறுது" என்பாள் அவள். "அந்தோனியாரே, காப்பியில சர்க்கரை ஜாஸ்தி" என்பார் அவர்.

இதைவிடப் பெரிய கூத்து சாயங்காலச் செபமாலை. கத்தோலிக்க வீட்டில் அதை விடமுடியாது. ஒருவர் பாதி சொல்ல, மற்றவர் மறுபாதி சொல்ல வேண்டும். செபமாலையின் ஒவ்வொரு பத்து மணியையும் உருட்டுவதற்கு முன்னால், இது இன்னாருக்காக என்று ஒரு கருத்தை ஒப்புக்கொடுப்பது வழக்கம். நோயாளிகளுக்காக, ஆன்மாக்களுக்காக, மழைக்காக. இவர்கள் அதில் போர் நடத்தினார்கள். "மன்னிக்கத் தெரியாத கல்நெஞ்சுக்காரர்களுக்காக" என்று ஆம்ப்ரோஸ் கணீரென்று தொடங்குவார். அடுத்த பத்துக்கு முறை அவளுடையது. "பெற்ற தாயைப் பார்க்க முடியாமல் தடுக்கப்பட்டவர்களுக்காக" என்பாள். மாதா என்னதான் செய்வாள்! சந்தில் போகிறவர்களுக்குக் கேட்பது என்னவோ, ஆண் குரலும் பெண் குரலும் மாறி மாறிச் செபிக்கிற பக்திக் குடும்பம்.

தலைவலி அடுத்த வருஷமே வந்துவிட்டது. பிறகு தூக்கம் போயிற்று. பிறகு கணுக்காலில் வீக்கம், விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். பூண்டுக் கஷாயம், அமிர்தாஞ்சனம், மாதா கோவில் எண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் பக்கத்து வீட்டு சகினாதான், தையல்காரர் மெஹபூப் அலியின் மனைவி, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் கச்சேரி ரோடு பொன்னுரங்கம் டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள். டாக்டரிடம் ரத்தக் கொதிப்பு பார்க்கிற கருவி புதிதாக வந்திருந்தது. கையில் பட்டையைச் சுற்றி, ரப்பர் குமிழை அமுக்கி, பாதரசம் ஏறுவதைப் பார்ப்பதில் அவருக்கே ஒரு குழந்தைச் சந்தோஷம். பியாட்ரிஸுக்கு ஏறிய பாதரசத்தைப் பார்த்ததும் அந்தச் சந்தோஷம் போய்விட்டது.

"இருநூத்திப் பத்து. உப்பைக் குறைங்க டீச்சர். நல்லா ஓய்வு எடுங்க. மனசை அலட்டிக்காதீங்க."

உப்பைக் குறைத்தாள். சோறு குழம்பு எல்லாம் சப்பென்று ஆயிற்று. அதற்கும் அந்தோனியாரிடம் புகார் போயிற்று. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வரச் சொல்லியிருந்தார் டாக்டர். இருநூத்தி எட்டு, இருநூத்திப் பன்னிரண்டு, மறுபடி இருநூத்திப் பத்து என்று நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். செப்டம்பரில் ஒரு நாள் மட்டும் கருவியைத் தட்டிப் பார்த்தார், திரும்பக் கட்டிப் பார்த்தார். நூத்தி எழுபது.

"என்ன மருந்து சாப்பிட்டீங்க?"

"ஒண்ணுமில்லையே டாக்டர். நீங்க குடுத்ததுதான்."

அடுத்த முறை மறுபடி இருநூத்தி ஆறு. பொன்னுரங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நோட்டைப் புரட்டினார். நூத்தி எழுபது காட்டிய அந்தச் சமயத்தில் அவள் எங்கே போனாள், என்ன சாப்பிட்டாள், யார் வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கேயும் போகவில்லை, யாரும் வரவில்லை.

"அய்யாதாம்பா வேளாங்கண்ணிக்குப் போயிருந்தாரு. நாகப்பட்டணத்துல அண்ணன் வூட்டுல மூணு வாரம் தங்கிட்டு வந்தாரு" என்றாள் கூட வந்திருந்த சகினா, யாரும் கேட்காமலே.

டாக்டர் சகினாவைப் பார்த்தார், டீச்சரைப் பார்த்தார். பியாட்ரிஸுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. திருடி அகப்பட்டுக்கொண்ட மாதிரி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். பதினோரு வருஷம் பங்குச் சாமியாரிடம்கூடப் பாவசங்கீர்த்தனத்தில் பட்டும் படாமலும் சொல்லி வந்ததை ஒரு கண்ணாடிக் குழாயும் பாதரசமும் இப்படிப் போட்டு உடைக்கும் என்று அவள் நினைத்தாளா என்ன?

சகினாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் மெதுவாகச் சொன்னார். "உங்க வீட்டு விஷயம் எனக்கு வேண்டாம் டீச்சர். உடம்பு விஷயம் மட்டும் சொல்றேன். இது இப்படியே இருந்தா இன்னொரு வருஷம் தாங்காது. ஒரு நாள் மூளையில ரத்தக்குழாய் வெடிக்கும். ஒரு பக்கம் கை கால் விழும், இல்லே உயிரே போகும். பொண்ணு வீடு தேனாம்பேட்டையிலதானே? போய் ஆறு மாசம் இருங்க."

பொண்ணு வீடு என்று சொல்லிவிட்டார் அவர். மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் ஒருவேளைக்கு மேல் கை நனைக்கக் கூசுகிற குடும்பம் அது. புருஷன் உயிரோடு இருக்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் மருமகன் சோற்றைச் சாப்பிடுவதா? பங்கு ஜனம் என்ன சொல்லும்? இரண்டு வாரம் இதையே நினைத்து அலட்டிக்கொண்டாள். ஒரு காலை சோற்றுப் பானையை இறக்கும்போது இடது கை விரல் மூன்று மரத்துப்போய், கஞ்சி முழுக்க அடுப்பில் கொட்டியது. விரல் அரை மணி நேரத்தில் திரும்பி வந்தது. பயம் வந்தது போகவில்லை.

அன்று சாயங்காலம் செபமாலையில் நாலாம் பத்து அவள் முறை. "நாளைக்கு மகள் வீட்டுக்குப் பயணப்படுகிற ஒருத்திக்காக" என்றாள். ஆம்ப்ரோஸின் விரல் மணி மேல் அப்படியே நின்றது. பிறகு அவர் பங்குக்கான பாதியை வழக்கத்தைவிட உரக்கச் சொல்லத் தொடங்கினார். மறுநாள் அவள் ரிக்ஷாவில் ஏறும்போது வீட்டுக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

தேனாம்பேட்டையில் ஐவியின் வீட்டுக்குப் பின்னால் வெற்றிலைத் தோட்டமும் ஒரு குட்டையும் இருந்தன. மருமகன் தனிஸ்லாஸ் மவுண்ட்ரோடில் ஒரு மோட்டார் பட்டறையில் மிஸ்திரி. அதிகம் பேசாத மனுஷன், மாமியார் வந்ததும் தன் கட்டிலை எடுத்துக் காற்று வருகிற இடத்தில் போட்டுவிட்டு, தான் பாயை விரித்துக்கொண்டான். பியாட்ரிஸ் முதல் வாரம் முழுக்கத் தூங்கினாள். பகலிலும் தூங்கினாள். யாரோ கடன் வைத்த தூக்கம் மாதிரி வந்துகொண்டே இருந்தது. வாசலில் கைத்தடிச் சத்தம் கேட்காது என்று தெரிந்தால் உடம்பு எவ்வளவு தளர்ந்து படுக்கிறது என்பதே அவளுக்கு ஆச்சரியம். இரண்டு மாதத்தில் கால் வீக்கம் வடிந்தது. டிசம்பரில் டாக்டர் நோட்டில் நூத்தி அறுபத்தெட்டு என்று எழுதினார்.

பங்கில் பேச்சு எழும்பாமல் இல்லை. ஒரே கூரையின் கீழ் ஊமையாகக் கிடந்தவரைக்கும் நல்ல தம்பதி. அவள் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளப் போனதும் ஓடிப்போனவள். கிறிஸ்துமஸ் பூசையில் இரண்டு பெண்கள் அவள் பக்கத்திலிருந்து எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்கள். பியாட்ரிஸுக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. ஆனால் ஏழு படியையும் நிற்காமல் ஏறியிருந்தாள்.

தை பிறந்த வாரம் சகினா வந்தாள்.

"இன்னா டீச்சரம்மா, மூஞ்சி இப்டித் தெளிஞ்சி கீது! பத்து வயசு கொறஞ்சாமேரி கீறியே!" என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு குரல் இறங்கியது. "நீ கேக்கமாட்டே. நானே சொல்லிட்றேன். அய்யா துரும்பாப் பூட்டாரு. ஓட்டல்ல வாங்கித் துன்னுட்டு வவுத்தப் புடிச்சிக்கினு குந்திக்கினு கீறாரு. எங்கூட்டுக்காரரு கஞ்சி எட்த்துக்கினு போனா, எனக்கு ஒண்ணும் இல்லேன்றாரு. அதுகூட பரவால்லமா. சாய்ங்காலம் செபம் சொல்றாரு பாரு, அத்தத்தான் கேக்க முடியல. பாதி சொல்லிட்டு நிறுத்திக்கிறாரு. அப்பாலிக்கா மறுபாதியும் அவரே சொல்லிக்கிறாரு."

சகினா போன பிறகு பியாட்ரிஸ் பிடரியில் கை வைத்துப் பார்த்தாள். மூன்று மாதமாக இல்லாத இடி லேசாகத் தொடங்கியிருந்தது. பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. அந்த மனுஷர் நன்றாக இருந்தாலும் தலைவலி, நொந்து கிடந்தாலும் தலைவலி. இதற்கு என்னதான் முடிவு என்று சலித்துப்போய்ப் படுத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆம்ப்ரோஸே வந்து நின்றார். சாந்தோமிலிருந்து நடந்தே வந்திருந்தார். கோட்டு தோளிலிருந்து தொங்கியது, கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் இரண்டு விரல் போகும். ஐவி காப்பி கொடுத்துவிட்டு, தனிஸ்லாஸைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். கூடத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டுச் சுவரிலும் ஒரு அந்தோனியார் படம், ஐவியின் கல்யாணத்துக்குப் பியாட்ரிஸே வாங்கிக் கொடுத்தது. ஆம்ப்ரோஸ் தொண்டையைக் கனைத்து அதைப் பார்த்தார்.

"அந்தோனியாரே, எனக்கு வயித்துல புண்ணாம். பொன்னுரங்கம் சொல்றார். பால் கஞ்சிதான் குடிக்கணுமாம். வச்சுக் குடுக்க வீட்டுல ஆள் இல்லை."

பியாட்ரிஸ் எழுந்தாள். ஆணியிலிருந்து படத்தைக் கழற்றி, முகம் கீழே இருக்கும்படி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவரை விட்டுடுங்க. பாவம், எத்தனை வருஷமாத்தான் நமக்கு வேலை செய்வார். சொல்றதை எங்கிட்ட சொல்லுங்க."

தன் குரல் யாரோ அந்நியர் குரல் மாதிரி அவளுக்கே கேட்டது. ஆம்ப்ரோஸ் கைத்தடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். காப்பி ஆறி ஆடை கட்டியது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"விதானத்துல முன்கால் குடுத்திருந்தாங்க. பிஷப்புக்குப் பக்கத்துல. இருபது வருஷம் பின்னாலேயே நடந்து கிடைச்சது. தந்தியைக் குடுத்தா நீ ரயிலுக்குக் கெளம்புவே, நானும் கூட வரணும். வேற ஒருத்தன் பிடிச்சிருப்பான். அதான். வேற ஒண்ணுமில்லை."

அவள் மடியிலிருந்த படத்தின் பின்புறத் தூசியை விரலால் துடைத்தாள்.

"ஒரு ராத்திரியில என்ன ஆயிடும்னு நினைச்சேன். ஆயிடுச்சு. அப்புறம் உன் முகத்தைப் பார்க்க முடியல. பார்க்க முடியலேன்னு உன் மேலேயே கோவம் வந்தது. நான் செஞ்சது தப்பு."

தப்பு என்ற வார்த்தையை அந்த வாய் தன்னைப் பற்றிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. இந்த ஒரு பேச்சைக் கேட்டுவிட்டால் நெஞ்சில் இருக்கிற பாறை உருண்டுவிடும் என்று பதினோரு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள். உருளவில்லை. அம்மா ஞாபகம் வந்தது, அழுகைகூட வரவில்லை. முழங்கால் வலித்தது. போய்ப் படுத்தால் தேவலை என்று இருந்தது. இவ்வளவுதானா, இதற்குத்தானா இத்தனை வருஷம், என்று ஒரு பெரிய அலுப்பு உடம்பு முழுக்கப் பரவியது.

"வீட்டுக்கு வா, பியாட்ரிஸ்."

பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதில் அவள் கொஞ்சம் ஆடிப்போனது நிஜம். போய்விடலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது. போனால் எல்லோருக்கும் நிம்மதி, பங்குக்கு, ஐவிக்கு, இந்த மனுஷருக்கு. அப்போது இடது கை விரல்கள் மூன்றையும் மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"வரமாட்டேன்" என்றாள். "உங்க மேல இப்ப கோவம் இல்லை. நிஜமாத்தான் சொல்றேன். ஆனா அந்த வீட்டு வாசல்ல கால் வச்சா எனக்குப் பிடரி இடிக்குது. நான் மன்னிச்சுட்டேன்னு சொன்னா இந்த உடம்பு கேக்க மாட்டேங்குது. அங்க வந்தா ஒரு வருஷத்துல போயிடுவேன். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்னு ஆசையா இருக்கு."

"அப்ப நான்?"

"நீங்க வேணா இங்க வாங்க. கஞ்சி வச்சுத் தரேன்."

"மாப்பிள்ளை வீட்டுக்கா?" ஆம்ப்ரோஸுக்கு அறை வாங்கின மாதிரி ஆகிவிட்டது. "நான் வந்து மாப்பிள்ளை சோத்துல உட்காரணுமா?"

"நான் வந்தேனே" என்றாள் பியாட்ரிஸ்.

அவர் எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அவள் ஜன்னலில் நின்று பார்த்தாள். பத்து வீடு தாண்டியதும் ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு, வயிற்றில் கை வைத்துக் குனிந்தார். ஓடிப் போய்த் தாங்கிப் பிடிக்கக் கால் பரபரத்தது. ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இப்போது போனால் அவரோடு சாந்தோம் வரைக்கும் போய்விடுவோம் என்று அவளுக்குத் தெரியும். தோட்டத்திலிருந்து வந்த ஐவி, "அப்பாவை இப்படி அனுப்பிட்டியேம்மா" என்று அழுதாள். தனிஸ்லாஸ் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமனார் பின்னாலேயே போய், வீடு சேர்த்துவிட்டு வந்தான்.

ஐந்து வாரம் எந்தச் சேதியும் இல்லை. சகினாவும் வரவில்லை. பியாட்ரிஸ் ஐவியின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், தோட்டத்துக் கீரையை ஆய்ந்தாள். தினமும் கொஞ்சம் கஞ்சி அதிகமாக வைத்தாள். ஐவி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். அவர் செத்துப்போய்விட்டால் அந்தப் பழி தன் மேல்தான் விழும், தன் மனசிலும் விழும் என்று பியாட்ரிஸுக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும் அவள் போகவில்லை.

மார்ச் மாதம், சாம்பல் புதன் கழிந்த வெள்ளிக்கிழமை, பட்டப்பகல் பதினோரு மணிக்கு வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. மெஹபூப் அலி முதலில் இறங்கி, ஒரு தகரப் பெட்டியையும் படுக்கைச் சுருட்டையும் இறக்கி, பிறகு ஆம்ப்ரோஸை இறக்கினார். தெருவே பார்த்தது. ஆம்ப்ரோஸ் யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கினார். சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். தன் பைக் கடிகாரத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார்.

"நாலு நிமிஷம் பின்னாடி ஓடுது" என்றார்.

பியாட்ரிஸுக்குப் பிடரி சுரீர் என்றது. வாய் தானாகவே திறந்துகொண்டது. "அது மாப்பிள்ளை வீட்டுக் கடிகாரம். அது அப்படித்தான் ஓடும். நீங்க கையைக் கழுவிட்டு வாங்க, கஞ்சி ஆறுது."

திருப்பிப் பேசிவிட்டோமே என்று அவளே திகைத்து நின்றாள். ஆம்ப்ரோஸும் திகைத்தார். பிறகு பைக் கடிகாரத்தை உள்ளே போட்டுக்கொண்டு, கை கழுவப் போனார். கஞ்சியில் உப்பு இல்லை என்று சொல்ல வாயெடுத்து, அவள் முகத்தைப் பார்த்து, குடித்துவிட்டார்.

அதற்காக மனுஷர் மாறிவிட்டார் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அறுபத்து நாலு வயதில் என்னத்தை மாறுவது? கீரையில் மண் இருக்கிறது என்றார், தனிஸ்லாஸ் சைக்கிள் விடுவது தப்பு என்றார், செபமாலையை ஐவி வேகமாகச் சொல்கிறாள் என்றார். சொல்லும்போதெல்லாம் பியாட்ரிஸ் பதில் சொன்னாள். சில நாள் இருவரும் குரல் உயர்த்திச் சண்டையே போட்டார்கள். பிள்ளைகள் வேடிக்கை பார்த்தன. சண்டை முடிந்ததும் அவளுக்கு அசதியாக இருக்கும். ஆனால் ராத்திரி தூக்கம் வந்தது.

ஈஸ்டர் முடிந்து கச்சேரி ரோடுக்குப் போனாள். ஆம்ப்ரோஸும் கூடவே வந்தார், தன் வயிற்றுக்கு மருந்து வாங்க வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டு. அவரைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டு உள்ளே போனாள். பொன்னுரங்கம் பாதரசத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

"நூத்தி எண்பது. பன்னிரண்டு ஏறியிருக்கு டீச்சர். இறங்கிக்கிட்டே வந்தது. அவர் வந்து சேர்ந்ததாலதான். வேணும்னா நான் பேசறேன். கொஞ்ச நாள் நாகப்பட்டணத்துல அண்ணன் வீட்டுல இருக்கச் சொல்லலாம்."

பியாட்ரிஸ் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். பட்டை இறுக்கின இடம் சிவந்திருந்தது. "இருக்கட்டும் டாக்டர்" என்றாள். "இருநூத்திப் பத்து வரைக்கும் என்னைக் கேக்காம எடுத்துக்கிட்டார். இந்தப் பன்னிரண்டு நானா குடுக்கறது. எழுதிக்கோங்க."

வெளியே வந்தாள். ஆம்ப்ரோஸ் கைத்தடியை ஊன்றி எழுந்தார்.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"நூத்தி எண்பது."

"போன தடவை நூத்தி அறுபத்தெட்டு இல்லே? ஏன் ஏறிச்சு?"

"உங்களாலதான்" என்றாள் பியாட்ரிஸ்.

அவர் வாயைத் திறந்தார். அது அப்படி இல்லை என்று சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. தெருவில் இறங்கி ஒரு ரிக்ஷாவைக் கூப்பிட்டார். அவளை ஏற்றி உட்கார வைத்துவிட்டு, தான் நடந்து வருவதாகச் சொன்னார். அந்த வெயிலில், அந்த வயிற்றை வைத்துக்கொண்டு.

"ஏறுங்க" என்று தள்ளி உட்கார்ந்தாள்.